படித்து முடித்த பிறகும் விடாத நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் மாதம் ஒருமுறை நூலக அறையொன்றில் கூடும் தமிழ் வாசகர் குழு ஒன்றை நானும் சில நண்பர்களும் நடத்திவருகிறோம். புதிதாக வருபவர்கள் கேட்பதும் வாட்ஸ்அப்பில் வந்து விழுவதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனியாகத் தட்டச்சு செய்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதில்கள் என்னுடையவை. குழுவில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

மனதில் நிற்கும் நாவல் என்று எதைச் சொல்கிறீர்கள்? நல்ல நாவல் என்றால் எல்லாமே நிற்காதா?

நிற்காது. நேர்த்தியாக எழுதப்பட்ட எத்தனையோ நாவல்களை ரசித்துப் படித்துவிட்டு, அட்டைப்படம் தவிர எதுவும் நினைவில்லாமல் இருக்கிறோம். நான் பார்ப்பது இதைத்தான்: படித்து ஓராண்டு போன பிறகு, யாரும் பேச்செடுக்காதபோதும் அது தானாக வந்து நிற்கிறதா? ஈரச்சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது, ‘அந்த ஆள் அப்படிச் செய்திருக்க வேண்டியதில்லையே’ என்று தோன்றுகிறதா? தோன்றினால் அது நின்றுவிட்டது.

அப்படி நிற்பது பெரும்பாலும் கதை அல்ல. ஒரு பாத்திரம் இக்கட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஓர் இடம். அந்த இக்கட்டை ஆசிரியர் நமக்காகத் தீர்த்துவைத்துவிட்டால் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவோம், மறப்போம். தீர்க்காமல் நம் கையில் கொடுத்துவிட்டுப் போனால்தான் வம்பு. கீழே நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஓர் எண்ணம்தான் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’. 1977-ல் வந்தது. முடிவைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. இன்னும் படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள்.

இந்தியா விடுதலை பெற்ற பிறகும் நிஜாமின் ஐதராபாத் இந்தியாவோடு சேராமல் நின்றது. 1948 செப்டம்பரில் ராணுவம் நுழைந்த பிறகுதான் சேர்ந்தது. அந்தக் காலத்துச் செகந்திராபாத்தில் ரயில்வே குடியிருப்பில் வளரும் சந்திரசேகரன் என்ற பையனின் கதை இது. கிரிக்கெட், வீட்டு மாடு, கல்லூரி, அக்கம்பக்கத்துப் பையன்கள் என்று சாவகாசமாகப் போகும். அரசியல் ஏதோ தூரத்து வானொலிச் சத்தம்போல ஓரமாகக் கேட்கும். ‘இதில் என்ன பெரிய கதை’ என்று எங்கள் குழுவில் ஒருவர் முக்கால்வாசியில் நிறுத்தியே விட்டார்.

கடைசியில் கலவரம். இருட்டில் ஓடும் சந்திரசேகரன் சுவரேறிக் குதித்து ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறான். உள்ளே ஒரு முஸ்லிம் குடும்பம் நடுங்கிக்கொண்டிருக்கிறது. தங்களை அழிக்க வந்தவன் என்று அவனை நினைத்துவிடுகிறார்கள். அவன் வயதை ஒத்த ஒரு பெண் முன்னால் வந்து, வீட்டில் உள்ளவர்களை விட்டுவிடச் சொல்லித் தன் ஆடையைக் களைகிறாள். அவன் குறுகிப்போய் வெளியே ஓடுகிறான். அவ்வளவுதான், நாவல் முடிந்துவிட்டது.

அந்தப் பெண் என்ன ஆனாள்? அவன் அதன் பிறகு எந்த முகத்தோடு கிரிக்கெட் ஆடினான்? ஒரு வரி கிடையாது. ஆசிரியர் ஒப்பாரி வைக்கவில்லை, நியாயம் பேசவில்லை. இருநூறு பக்கமும் நம்மை அந்தப் பையனோடு பழகவிட்டு, அவன் யாருக்கும் தீங்கு நினைக்காதவன் என்று நம்பவைத்து, கடைசியில் இன்னொருவர் கண்ணுக்கு அவன் எப்படித் தெரிகிறான் என்று காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். முக்கால்வாசியில் நிறுத்திய அந்த நண்பரை வற்புறுத்திக் கடைசி அத்தியாயத்தைப் படிக்கவைத்தோம். அடுத்த கூட்டத்தில் அவர்தான் அதிகம் பேசினார்.

ஒரே மூச்சில் படித்த விறுவிறுப்பான நாவல்கள் ஏன் ஒரு வாரத்தில் மறந்துபோகின்றன?

‘அடுத்து என்ன’ என்ற ஆவலில்தான் அவை ஓடுகின்றன. அடுத்தது தெரிந்ததும் ஆவல் அடங்கிவிடும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. நீண்ட விமானப் பயணத்துக்கு அசோகமித்திரனை நான் எடுத்துப்போவதில்லை.

‘பொன்னியின் செல்வன்’ விறுவிறுப்பான நாவல்தானே? அது மட்டும் எப்படி இத்தனை காலம் நிற்கிறது?

நல்ல கேள்வி. 1950-ல் ‘கல்கி’ இதழில் தொடராகத் தொடங்கிய கதை, ஐந்து பாகம். 2022-லும் 2023-லும் திரைப்படமாக வந்தபோது, நாவலைத் தொட்டே பார்க்காத இளைஞர்கள்கூட இங்குள்ள நூலகங்களில் முதல் பாகத்துக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள்.

என் கணக்கு என்னவென்றால், அந்த நாவலில் வந்தியத்தேவனின் குதிரை ஓட்டத்தைவிட அதிகம் பேசப்படுவது ஆதித்த கரிகாலனின் சாவு. அவனைக் கொன்றது யார் என்று கல்கி அடித்துச் சொல்லவில்லை. நந்தினி யார் மகள், அவள் மனதில் இருந்தது பழியா பாசமா என்பதும் முழுக்கத் தெளிவதில்லை. தாத்தா, மகள், பேரன் மூவரும் படித்த வீட்டில் இந்த ஒரு விஷயத்தை வைத்துத் தீபாவளி மதியம் முழுவதும் ஓட்டலாம். ஓட்டியிருக்கிறோம்.

இதைப் படித்த பிறகு வேறு எதுவும் பிடிக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். உடனே இன்னொரு சோழர் கதையைத் தேடாதீர்கள். அதே ருசியை எதிர்பார்த்து ஏமாறுவீர்கள். முற்றிலும் வேறு மாதிரியான ஒன்றை எடுங்கள்.

கதை மறந்துவிட்டது, ஒரு காட்சி மட்டும் நினைவிருக்கிறது. படித்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா?

தாராளமாக. தேர்வா எழுதப்போகிறீர்கள்?

நாவல் முடிந்து பல நாள் ஆன பிறகும் பாத்திரத்தின் குரல் காதில் ஒலிக்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. பிரிட்டனில் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் எடின்பரோ புத்தக விழாவையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட வாசகர்களிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், புத்தகத்தை மூடிய பிறகும் பாத்திரங்கள் தங்களோடு இருப்பதாகச் சொன்னார்கள். தங்கள் எண்ண ஓட்டமே அந்தப் பாத்திரம் பேசும் தோரணைக்கு மாறிவிடுகிறது என்றவர்களும் உண்டு. விழாவுக்கு வருபவர்கள், ஆய்வுக்குப் பதில் எழுதுபவர்கள் என்றால் தீவிர வாசகர்களாகத்தான் இருப்பார்கள். அதனால் ஊரில் எல்லாருக்கும் இப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு மட்டும் இல்லை என்பது வரை சரி.

எனக்குக் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்துப் பூட்டி மங்கத்தாயாரு அம்மாள் அப்படித்தான். நூறு வயது தாண்டிய கிழவி. தங்கள் கூட்டம் எங்கிருந்து எப்படி ஓடிவந்தது என்று அவர் சொல்லும் பகுதியைப் படித்துவிட்டு நாலைந்து நாள் வீட்டில் நானே அந்த மாதிரி இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பொறுத்துக்கொண்டார்.

சிங்கப்பூரில் இருப்பவர் ஒரே ஒரு நாவலில் தொடங்கலாம் என்றால் எது?

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். இளம் வயதிலேயே இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர். போர் முடிந்து ஊர் திரும்பி மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை பார்த்தார். வாழ்நாளில் எழுதியது இரண்டே நாவல்கள். ‘கடலுக்கு அப்பால்’ 1959-லும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-லும் வந்தன. இரண்டும் நம் வட்டாரத்துக் கதைகள். ஜப்பானியர் ஆட்சிக் காலத்து மேடான், பினாங்கு, வட்டிக்கடைகள், இந்திய தேசிய ராணுவம் என்று நடப்பவை.

பாண்டியன் என்ற இளைஞன்தான் நாயகன். மலாக்கா நீரிணையைத் தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் கடக்கும்போது புயலில் மாட்டிக்கொள்ளும் பகுதி தமிழில் கடலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஆக உச்சம் என்பேன். அங்கே வாக்கியமே தள்ளாடும். ஆனால் எனக்குள் நின்றது புயல் அல்ல. வேறு நாட்டில், குண்டு விழும் ஊரில் இருந்துகொண்டு, பாண்டியன் தன் ஊர்ச் சந்தையையும் மதுரைத் தெருக்களையும் மனதுக்குள் நடந்து பார்க்கும் இடங்கள்தான். திரும்பிப் போவதா, இங்கேயே இருப்பதா, எங்கே போனாலும் தான் அந்தப் பழைய ஆளாக இருக்க முடியுமா என்று அவன் மனம் அலைகிறது. வேலைக்காக இங்கே வந்து, பிறகு நிரந்தரவாசியாகி, இன்னும் பெட்டியைப் பரண்மேல் ஏற்றாமலே வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் கதை இல்லை.

இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. நாவலில் கலந்து வரும் மலாய்ச் சொற்களுக்குத் தமிழ்நாட்டு வாசகர் அடிக்குறிப்பு தேடுவார். இங்கே தொடக்கநிலைப் பிள்ளைகூட அர்த்தம் சொல்லிவிடும். சில நக்கல்கள் நமக்குத்தான் முழுசாகப் புரிகின்றன.

முதல் முப்பது பக்கம் கொஞ்சம் திணறவைக்கும். தெருப்பெயர்கள், ஆட்பெயர்கள், அந்தக்காலக் கடைப் பேச்சு எல்லாம் ஒரேயடியாக வந்து கொட்டும். புரியாததைத் தாண்டிப் போய்க்கொண்டே இருங்கள். அது பயமாக இருந்தால் ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் தொடங்கலாம். அளவில் சின்னது, நேரான காதல் கதை. கடை முதலாளியின் மகளை விரும்பும் செல்லையா ராணுவத்துக்குப் போய்த் திரும்புகிறான். துப்பாக்கி தூக்கியவன் இனிக் கடைக்கு ஆகமாட்டான் என்று முதலாளி நினைக்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருப்பதுபோல எழுதியிருப்பதுதான் சிங்காரத்தின் சாமர்த்தியம்.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15, அதாவது 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாள், இங்கே முழுமைத் தற்காப்பு தினம். பள்ளியில் பிள்ளைகள் அதைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறார்கள். அந்த வாரத்தில் சிங்காரத்தையோ, போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதையில் மடிந்த தோட்டத் தமிழர்களைப் பற்றி மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலையோ எடுத்தால், பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் போய்விட்ட தமிழர்களின் முகம் தெரியும். 415 கிலோமீட்டர் பாதை அது. கித்தா (ரப்பர்) தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

சிங்கப்பூரிலேயே எழுதப்பட்ட தமிழ் நாவல்கள்?

இருக்கின்றன, ஆனால் சிறுகதை அளவுக்கு இல்லை. இங்கே எழுதுபவர்கள் பெரும்பாலும் முழுநேர வேலைக்குப் போய்விட்டு வார இறுதியில் எழுதுபவர்கள். பத்திரிகையின் ஞாயிறு பக்கத்துக்கும் போட்டிக்கும் சிறுகதை பொருந்தும், முந்நூறு பக்க நாவலுக்கு ஆண்டுகள் வேண்டும். தொடங்க நினைப்பவர்கள் மா. இளங்கண்ணனின் ‘வைகறைப் பூக்கள்’ எடுக்கலாம். 1990-ல் வந்த நாவல், பின்னாளில் ஆங்கிலத்திலும் வந்தது. கலாசாரப் பதக்கம் பெற்ற எழுத்தாளர் அவர். தமிழ் தடுமாறும் பிள்ளைகள் ஒரு பக்கம் ஆங்கிலத்தையும் வைத்துக்கொண்டு படிக்க அது தோதானது. இராம. கண்ணபிரான், நா. கோவிந்தசாமி ஆகியோரையும் தேடிப் பாருங்கள்.

செம்பவாங் கடற்படைத் தளத்திலும் தஞ்சோங் பகார் துறைமுகத்திலும் வேலை பார்த்து, கம்பத்து (கிராமத்து) வீட்டைவிட்டு வீவக என்ற அரசாங்க அடுக்குமாடி வீட்டின் பத்தாவது மாடிக்குப் போன ஒரு தலைமுறைக்கு, கி.ரா. தன் கரிசல் மக்களுக்குச் செய்ததைச் செய்யும் பெரிய நாவல் ஒன்றுக்காக நான் காத்துக்கொண்டிருக்கிறேன். எழுதிக்கொண்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால், சீக்கிரம்.

சோகமான நாவல்தான் மனதில் நிற்குமா?

அப்படித் தோன்றும், ஆனால் அழவைப்பது வேறு, நிற்பது வேறு. அழுது தீர்த்துவிட்டால் பல சமயம் கணக்கு முடிந்துவிடும். இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலைப் பாருங்கள். 2020-க்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தீக்காயப்பட்ட மகளோடு ஆஸ்பத்திரியில் காத்துக்கிடக்கும் குடும்பம். கையில் பணம் இருக்கிறது, அது எதற்கும் உதவவில்லை. படிக்கும்போது எனக்குக் கண்ணீர் வரவில்லை, மூச்சுதான் முட்டியது. மகள் தானாகத் தேர்ந்தெடுத்த வாழ்க்கையைப் பெற்றோர் அன்றைக்கு வேறு மாதிரி எதிர்கொண்டிருந்தால் என்ற கேள்வியை நாவல் ஒரு முறையும் நேராகக் கேட்பதில்லை. வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர்கள் ராத்திரியில் படிக்க வேண்டாம்.

ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. சின்ன நாவலாகச் சொல்லுங்கள்.

சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. ஒரே ஒரு பிற்பகல், ஒரு காளை, அப்பாவைக் குத்திப்போட்ட அந்தக் காளையை ஜல்லிக்கட்டில் அணைய வந்திருக்கும் மகன். ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974-ல் வந்தது. கந்தன் என்பவனின் ஒரு நாள், அவ்வளவுதான். அவன் செய்யும் தொழில் முகம் சுளிக்கவைக்கும், அவனை வெறுக்கவும் முடியாது. அப்புறம் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. குடத்தோடு தெருத்தெருவாக அலையும் சென்னைப் பெண்களைப் பற்றிப் படித்தால், திறந்ததும் தண்ணீர் கொட்டும் இந்த ஊர்க் குழாயைக் கொஞ்ச நாளைக்கு மரியாதையோடு மூடுவீர்கள்.

எம்ஆர்டியில் கைப்பேசியில் படித்தால் நாவல் மனதில் தங்குமா?

தங்கும். பூன் லேயிலிருந்து நகருக்குள் போக அரை மணிக்கு மேல் ஆகிறது. அது நல்ல வாசிப்பு நேரம். கைப்பேசியைவிட, இடையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்புகள்தான் கெடுக்கின்றன. அவற்றை நிறுத்தி வையுங்கள். ‘மோகமுள்’ மாதிரி மெதுவாகச் சூடேறும் நாவலை மட்டும் நான்கு நிலையங்களுக்கு ஒருமுறை என்று பிய்த்துப் படிக்காதீர்கள். அதற்கு ஒரு நீண்ட வார இறுதி வேண்டும்.

பிள்ளைகள் தமிழ் நாவல் என்றாலே ஓடுகிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில் அதைக் கருத்தறிதல் பயிற்சியாக்காதீர்கள். ‘இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இந்தப் பகுதி உணர்த்தும் கருத்து என்ன’ என்று கேட்ட நொடியே அது பள்ளிப்பாடம் ஆகிவிடும். நீங்கள் சத்தமாகப் படியுங்கள், சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிட்டுச் சமைக்கப் போய்விடுங்கள். ‘வாடிவாசல்’ இதற்கு வாகானது, பையன்கள் பின்னாலேயே வருவார்கள். பேச்சுத்தமிழ் தடுக்குகிற இடத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நகருங்கள், தப்பில்லை.

மொழிபெயர்ப்பு நாவல்களைச் சேர்த்துக்கொள்வீர்களா?

கட்டாயம். வங்காளத்திலிருந்து தமிழுக்கு வந்த தாராசங்கர் பானர்ஜியின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ எங்கள் குழுவின் மூத்தவர்களை உலுக்கிய நாவல். நாடி பிடித்துப் பார்த்து மரணம் எப்போது வரும் என்று சொல்லிவிடக்கூடிய ஒரு கிழ வைத்தியர், புதிதாக வந்த அலோபதி டாக்டர், இருவருக்கும் நடுவே ஒரு கிராமம். யார் சரி என்பதைவிட, தன் சாவு எப்போது என்று தெரிந்துகொள்வது நல்லதா என்ற பேச்சு அன்றைக்கு நூலகத்தை மூடும் வரை போனது.

ஒரே நாவலைத் திரும்பப் படித்தால் மாயம் கலைந்துவிடுமோ என்று பயம்.

சிலவற்றில் கலையும். கல்லூரி வயதில் உருகிய காதல் தொடர்களை நான் திரும்பத் தொடுவதில்லை. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) மாதிரி நாவல்கள் மட்டும் வயதுக்கேற்ப வேறு ஆளாக வந்து உட்கார்கின்றன. காவிரிக்கரைப் பாடசாலையில் 16 ஆண்டு வேதம் படித்துவிட்டு வீடு திரும்பும் அப்பு, தன் அம்மா அலங்காரத்தைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்கிறான். இளம் வயதில் படித்தால் அப்புவின் அதிர்ச்சிதான் நம் அதிர்ச்சி. திருமணமான பிறகு அலங்காரத்தின் பக்கம் நிற்போம். இப்போது எனக்கு இருவருமே இல்லை. எல்லாம் தெரிந்தும் பேசாமல் ஜோசியம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பா தண்டபாணிதான். அந்த மனிதர் ஏன் வாயைத் திறக்கவில்லை? எங்கள் குழுவில் இதற்கு இதுவரை ஒத்துப்போன பதில் கிடைக்கவில்லை.

முடித்த கையோடு அடுத்த நாவலை எடுக்கலாமா?

நன்றாக இருந்தது என்றால் ஒரு வாரம் விடுங்கள். அதுவரை செய்தித்தாள், சமையல் குறிப்பு எதையாவது படியுங்கள்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

முதலில் நூலகம். வட்டார நூலகங்களில் தமிழ்ப் பகுதி உண்டு, இரவல் 21 நாள். விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் பழைய மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் இருக்கின்றன. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். 1965 முதல் 2015 வரை இங்கே வந்த தமிழ் இலக்கிய நூல்கள் பலவற்றை, நாட்டின் பொன்விழாவையொட்டி 2015-ல் மின்னுருவாக்கி நூலக வாரியத்திடம் கொடுத்தார்கள். அவற்றை வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை. சொந்தமாக வாங்க வேண்டுமென்றால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி சமயத்தில் ஊருக்குப் போகும் நண்பரைப் பிடியுங்கள். பயணப்பெட்டியில் அவருக்கு எத்தனை கிலோ மிச்சம் என்பதைப் பொறுத்து உங்கள் பட்டியலைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

நாவலை முழுக்கப் படிக்காமல் உங்கள் கூட்டத்துக்கு வரலாமா?

வரலாம். ‘பிடித்ததா, பிடிக்கவில்லையா’ என்று நாங்கள் சுற்றி வந்து கேட்பதில்லை. எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள் என்றுதான் கேட்போம். அதற்கு முழுக்கப் படித்திருக்க வேண்டியதில்லை. கடைசி அத்தியாயத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது மட்டும், முடிக்காதவர்கள் கீழே போய் எல்லாருக்கும் கோப்பி வாங்கி வருவது வழக்கம். எனக்குச் சீனி போடாமல்.